தீயணைப்பு, மீட்புப் பணிகளில் செயற்கை நுண்ணறிவு: கடலூர், புதுச்சேரிக்கான கேள்வி பதில்கள்

அழைப்பை எழுத்தாக்கித் தரும் மென்பொருள், புகையைக் கண்டால் கூவும் கேமரா, வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் தளம், எதைக் கேட்டாலும் பதில் தரும் சாட்பாட் எல்லாம் இப்போது தீயணைப்பு நிலையம் வரை வந்துவிட்டன. நிலைய அலுவலர்கள், கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்கள், ஆலைப் பாதுகாப்பு அலுவலர்கள், ஆப்த மித்ரா என்ற பேரிடர் உதவித் திட்டத்தின் தன்னார்வலர்கள், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கான பக்கம் இது.

எந்த வேலையை இதனிடம் கொடுக்கலாம்? எதைக் கொடுக்கவே கூடாது?

ஒரு கேள்வியை வைத்துப் பிரித்துவிடலாம்: பதில் தவறாக வந்தால், உயிருக்கு ஆபத்து வருவதற்கு முன் யாராவது அதைக் கண்டுபிடித்துத் திருத்த நேரம் இருக்கிறதா? இருந்தால் கொடுக்கலாம். ஆலை ரசாயனங்களின் ஆபத்தைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள்களைச் சுருக்கி எடுப்பது, ஒத்திகைக்கான சூழல்களை எழுதுவது, ஹைட்ரன்ட் (தீயணைப்பு நீர்க் குழாய்) பராமரிப்புப் பட்டியலில் விடுபட்டதைத் தேடுவது, பழைய அழைப்புப் பதிவேடுகளைத் தட்டச்சாக்குவது எல்லாம் அமைதியான நேரத்து வேலைகள். மறுநாள் காலை ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

எரியும் கட்டடத்துக்குள் ஆளை அனுப்புவது, எந்த ஊரை முதலில் காலி செய்வது, தேடுதலை எப்போது நிறுத்துவது ஆகிய மூன்றும் களத்தில் நிற்கும் அலுவலருடையவை. கருவி காட்டும் படத்தை அவர் பார்க்கலாம். ஆனால் முடிவுக்கான காரணத்தைக் கேட்டால் 'கருவி சொன்னது' என்பது பதிலாக இருக்கக் கூடாது.

101 அழைப்பை இது சரியாகப் புரிந்துகொள்ளுமா?

தமிழ் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் செய்தி வாசிப்பை நன்றாகவே எழுதுகின்றன. மூச்சிரைக்க, காற்றடிக்கும் கடற்கரையிலிருந்து, பக்கத்தில் குழந்தை அழும்போது, 'கூர பத்திக்கிச்சு சார், சீக்கிரம் வாங்க' என்று வரும் குரல் வேறு. அதைவிடப் பெரிய தொல்லை ஊர்ப் பெயர்கள். கடலூரில் முதுநகரும் புதுநகரும் முதல் எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. இரண்டுக்கும் நடுவே கெடிலம் ஆறு ஓடுகிறது. தவறான கரைக்கு வண்டி போனால் பாலம் சுற்றித் திரும்ப வேண்டும். சிலர் முதுநகரை 'ஓ.டி.' (ஓல்டு டவுன்) என்பார்கள். திருப்பாதிரிப்புலியூரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. புதுச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை என்று எழுதினால் சில வரைபடத் தேடல்கள் கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையத்தில் போய் நிற்கும். காந்தி நகர், நேரு நகர், மாரியம்மன் கோவில் தெரு ஆகியவை எத்தனை ஊரில் இருக்கின்றன என்பது இங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

எல்லையும் குழப்பும். பாகூர்ப் பக்கம் புதுச்சேரி கிராமங்களும் கடலூர் மாவட்டக் கிராமங்களும் பின்னிக் கிடக்கின்றன. அழைப்பவர் ஒரு பக்கம் நிற்க, செல்போன் எடுக்கும் கோபுரம் மறுபக்கம் இருக்கலாம். கோபுரத்தை வைத்து இடத்தை ஊகிக்கும் மென்பொருள் மாநிலத்தையே மாற்றிப் போட்டுவிடும். அதனால் மூன்று ஏற்பாடுகள் கட்டாயம். முதலாவது, ஊர்ப் பெயர்ப் பட்டியலை விற்பவர் தரும் வரைபடத்திலிருந்து எடுக்காமல் நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்து, பேச்சுவழக்குப் பெயர்களோடு ஏற்ற வேண்டும். இரண்டாவது, ஒலியில் நெருங்கிய பெயர் வந்தால் கருவி ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் திரையில் காட்ட வேண்டும். மூன்றாவது, அழைப்பை எடுத்தவர் இடத்தைத் தன் வாயால் திருப்பிச் சொல்லி, 'ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?' போன்ற ஒரு குறுக்குக் கேள்வி கேட்ட பிறகே வண்டிக்கு இடம் போக வேண்டும். இதற்கு 5 விநாடி ஆகும். அதை மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது.

சோதிக்கும்போது 'எத்தனை சதவீதம் சொற்கள் சரி' என்ற கணக்கு உதவாது. நூறில் 95 சொல் சரியாக வந்து, தவறிய 5 சொல்லில் ஊர்ப் பெயர் இருந்தால் அந்த அழைப்பு வீண். இடம், என்ன எரிகிறது அல்லது என்ன கசிகிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா என்ற மூன்றையும் தனித்தனியே எண்ணுங்கள். சோதனைக்கு உண்மையான அழைப்பாளர்களின் குரலைக் கொடுக்க வேண்டாம். பணியாளர்களும் தன்னார்வலர்களும் பேசிப் பதிவு செய்த வாக்கியங்களே போதும். அவர்களில் மீனவர்கள், வயதானவர்கள், சிறுவர்கள் கட்டாயம் இருக்கட்டும்.

'இது அவசரமில்லை' என்று கருவி சொன்னால் என்ன செய்வது?

அப்படிச் சொல்லும் உரிமையையே அதற்குத் தரக் கூடாது. அழைப்பின் அவசரத்தைக் கருவி கூட்டிக் காட்டலாம். குறைக்கவோ, அழைப்பை முடிக்கவோ, வரிசையில் பின்னே தள்ளவோ கூடாது. இந்த விதியை மென்பொருளின் அமைப்பிலேயே பூட்டிவைக்கச் சொல்லுங்கள். சுற்றறிக்கையில் எழுதி வைத்தால் மட்டும் போதாது.

கூட்டிக் காட்டுவதற்கும் விலை உண்டு. ஒரே வண்டி உள்ள நிலையத்திலிருந்து 15 கி.மீ. தள்ளி ஒரு பொய் எச்சரிக்கைக்குப் போனால், 40 கி.மீ. வேகத்தில் போக 22 நிமிடம், வர 22 நிமிடம் என முக்கால் மணி நேரம் அந்த நிலையம் காலி. எனவே கூட்டிக் காட்டினாலும் பக்கத்து நிலையத்தைத் தயார் நிலையில் வைப்பதா, வண்டியை உடனே கிளப்புவதா என்பதை ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் அவசர அழைப்புகளை இயந்திரம் கேட்டு, இதயம் நின்றுபோன நோயாளிகளைக் கண்டுபிடிக்கும் சோதனை நடந்தது. முடிவு 2021இல் வெளியானது. இயந்திரம் தனியாக நன்றாகவே கண்டுபிடித்தது. ஆனால் அதன் எச்சரிக்கையைத் திரையில் பார்த்த பணியாளர்கள், பார்க்காதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் கண்டுபிடிக்கவில்லை. எச்சரிக்கை வந்ததும் அடுத்து என்ன கேட்பது, என்ன செய்வது என்று பழக்கப்படுத்தாமல் கருவியை மட்டும் வாங்கி வைத்தால் பயன் கிடைக்காது என்பதற்கு இது நல்ல சான்று.

புகையைக் கண்டுபிடிக்கும் கேமரா வைக்கலாமா?

கலிபோர்னியாவில் 2023 முதல் மலைகளின் மேல் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களின் படங்களை இயந்திரம் பார்த்துக் காட்டுத்தீயை எச்சரிக்கிறது. இரவில் யாரும் அழைப்பதற்கு முன்பே கண்டுபிடித்த தருணங்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் ஆளில்லாத காடு. இங்கே புகை அன்றாடம். நெய்வேலி அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரங்களின் நீராவி, செங்கல் சூளை, பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுக்கும் ஆலை, குப்பைக் கிடங்கு, அறுவடைக்குப் பின் வயலில் எரியும் நெல் தாள், மார்கழிப் பனி எல்லாமே கேமராவுக்குப் புகைதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 கேமரா, நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் நாளொன்றுக்கு 28,800 படங்கள். ஆயிரத்துக்கு ஒன்று மட்டும் தவறினாலும் தினம் 29 பொய் எச்சரிக்கை. '99.9 சதவீதத் துல்லியம்' என்று விளம்பரத்தில் வருவது நடைமுறையில் இதுதான். இரண்டு வாரத்தில் அந்த ஒலியை யாராவது நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

குறைக்க வழிகள் உண்டு. நிரந்தரப் புகைபோக்கிகள் தெரியும் பகுதியைப் படத்தில் மறைக்கலாம். ஆனால் மறைத்த பகுதிக்குள் உண்மையான தீ வந்தால் கேமரா பார்க்காது. அந்தப் பட்டியலை எழுதி கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். 'தொடர்ந்து மூன்று படத்தில் தெரிந்தால்தான் எச்சரிக்கை' என்ற அமைப்பு மேகத்துக்கும் புழுதிக்கும் உதவும், சூளைக்கு உதவாது. சூளை மூன்று மணி நேரமும் அங்கேயேதான் இருக்கும். புகை பெரிதாகிக்கொண்டே போகிறதா என்று பார்க்கும் அமைப்பைக் கேளுங்கள். எச்சரிக்கை வந்ததும் அந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலர், உதவியாளர், தன்னார்வலர் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு உறுதிசெய்ய எண்கள் தயாராக இருக்கட்டும். கடற்கரைக் கேமராவின் கண்ணாடியில் உப்புப் படியும். அதைத் துடைக்க ஆளும் நாளும் ஒதுக்காத திட்டம் சில மாதங்களில் குருடாகிவிடும்.

முந்திரிக் காடுகளுக்கும் கடலோரச் சவுக்குத் தோப்புகளுக்கும் கோடையில் இது பயன்படும் என்பது எங்கள் கருத்து. ஊருக்குள் பயன் குறைவு. அங்கே மக்களின் 101 அழைப்பே முந்தும்.

வெள்ள முன்கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

இயந்திரம் பழைய தரவிலிருந்து கற்கிறது. பார்த்தே இராத அளவு வந்தால் தடுமாறுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அதற்கு முன்பு அங்கே பதிவான உச்சம் 2004 அக்டோபரில் சுமார் 21 செ.மீ. பழைய பதிவுகளை மட்டும் படித்த எந்தக் கணிப்பு மாதிரியும் இரண்டு மடங்குக்கு மேலான மழையில் எந்தத் தெரு மூழ்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். அது ஊகம் என்று திரையில் எழுதியும் வராது.

இரண்டாவது சிக்கல் அணை. அதே புயலை ஒட்டி டிசம்பர் 2 அன்று தென்பெண்ணையின் மேல்பக்கம் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கடலூர்ப் பகுதியில் கரை மீறிப் பாய்ந்தது. அணையின் மதகை எப்போது, எவ்வளவு திறப்பார்கள் என்பது மழைத் தரவில் இல்லை. அது பொறியாளர்களின் முடிவு. மழையையும் தரையின் சாய்வையும் மட்டும் வைத்துக் கணிக்கும் தளம் கடலூரில் மழை நின்று வெயில் அடிக்கும் நேரத்தில் பச்சை நிறத்தைக் காட்டலாம். அப்போதுதான் மேலேயிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கும். எனவே தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குச் சாத்தனூர் நீர் வெளியேற்ற அறிவிப்பு, ஆற்றின் மேல்பக்க நீர்மட்ட அளவுமானி, வானிலை மையத்தின் எச்சரிக்கை மூன்றும் முதலில். இயந்திரக் கணிப்பு நான்காவது. அது சிவப்பு காட்டினால் எச்சரிக்கையாகுங்கள். பச்சை காட்டினால் அதை வைத்து யாரையும் முகாமிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள்.

செயற்கைக்கோள் ரேடார் படத்திலிருந்து நீர் நின்ற இடங்களை இயந்திரம் வரைவது நல்ல உதவி, மேகமும் தடையில்லை. ஆனால் ஒரே செயற்கைக்கோள் அதே இடத்தை மீண்டும் பார்க்கச் சில நாள்கள் ஆகும். சேதக் கணக்கெடுப்புக்குச் சரி, படகு அனுப்புவதற்குச் சரிவராது.

ரசாயன விபத்தில் சாட்பாட்டிடம் கேட்கலாமா?

விபத்து நடக்கும் நேரத்தில் கூடாது. அது படித்தது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய எழுத்துகள். பதில் நல்ல தமிழில் வரும், உள்ளே இருப்பது வேறு நாட்டு நடைமுறையாக இருக்கும்.

தீயின் வகைப்பாட்டையே பாருங்கள். நம் நாட்டில் 'சி' வகை என்றால் எரிவாயுத் தீ. அமெரிக்காவில் 'சி' என்றால் மின்சாரம் ஓடும் கருவியில் தீ. அங்குள்ள விளக்கத்தைத் தமிழில் படித்துவிட்டு இங்குள்ள தீயணைப்பானைத் தேர்ந்தெடுத்தால் தவறிவிடும். சிலிண்டர் நிறமும் அப்படியே. இங்கே மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்து. அமெரிக்காவில் பச்சை. அழுத்தத்தை அவர்கள் பி.எஸ்.ஐ.யில் சொல்வார்கள். நம் பம்ப்பில் 7 பார் என்பது சுமார் 100 பி.எஸ்.ஐ. கேலன் என்று வந்தால் அமெரிக்கக் கேலன் 3.79 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர். நுரைக் கரைசல் கணக்கில் இந்த வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு.

அடுத்து, சுருக்கிச் சொல்வதால் வரும் ஆபத்து. மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் ஆலைகளில் அம்மோனியா குளிர்விப்பு பழக்கம். 'அம்மோனியா கசிந்தால் தண்ணீர் தெளிக்கலாம்' என்பது பாதி உண்மை. காற்றில் பரவும் வாயுவைத் தூவல் நீர் உறிஞ்சும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அம்மோனியாமீது நீர் பட்டால் அது வெப்பம் பெற்று இன்னும் வேகமாக ஆவியாகும். 'அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும்' என்பதும் பாதி உண்மை. திரவமாகக் கசியும்போது ஈரக் கடற்காற்றைக் குளிரவைத்து வெண்பனியாகத் தரையோடு ஊர்ந்து வரும். குளோரின் சிலிண்டரில் கசியும் இடத்தில் நீர் பட்டால் அமிலம் உருவாகி ஓட்டை பெரிதாகும். தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் தண்ணீர் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய வாயு வரும். கிடங்குத் தீயில் குழாயைத் திறப்பதற்கு முன் உள்ளே அது இருக்கிறதா என்று கேட்பது எந்தச் செயலியைவிடவும் முக்கியம்.

களத்தில் முறை பழையதுதான். காற்றின் மேல்பக்கம் நில்லுங்கள். டேங்கர் லாரியின் பலகையில் உள்ள 4 இலக்க எண்ணைத் தொலைநோக்கியில் அல்லது செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் படியுங்கள்: 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1075 எல்.பி.ஜி. ஓட்டுநரிடம் டிரெம் கார்டு (சரக்கின் ஆபத்தையும் அவசர நடவடிக்கையையும் சொல்லும் அட்டை) கேளுங்கள். அவசரநிலை வழிகாட்டிக் கையேட்டில் அந்த எண்ணுக்குரிய பக்கத்தைத் திறங்கள். எல்.பி.ஜி. டேங்கரே தீயில் இருந்தால் கையேடு சொல்லும் தூரம் 1,600 மீட்டர். கருவி எதைச் சொன்னாலும் அதைக் குறைக்காதீர்கள்.

சாட்பாட்டுக்கு இதில் வேலை உண்டு, முன்கூட்டியே. கடலூர் சிப்காட் போன்ற இடத்தில் ஒவ்வோர் ஆலைக்கும் ஒரே பக்கத்தில் முன் திட்டம் தயாரிக்கலாம். எந்த ரசாயனம் எந்தக் கொட்டகையில் எத்தனை டன், தண்ணீர் கூடாத பொருள் எது, நுரை எவ்வளவு, வால்வு எங்கே என்று தரவுத் தாளிலிருந்து எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் மூலத்தாளின் பக்க எண்ணைக் கேளுங்கள். பக்க எண் தர முடியாத வரியை அடித்துவிடுங்கள். பிறகு ஆலைக்குப் போய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஆலைப் பாதுகாப்பு அலுவலர், நிலைய அலுவலர் இருவரும் கையெழுத்திட்ட தாள்தான் வண்டிக்குப் போகும்.

வாயு எந்தப் பக்கம் பரவும் என்று கணிக்கும் வரைபடம்?

அதற்குள் போகும் காற்றுத் தரவு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கடலோரத்தில் கோடைக் காலையில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும், நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று திரும்பி ஊருக்குள் வரும். இந்தத் திருப்பம் சில நிமிடங்களில் நடந்துவிடும். பல கிலோமீட்டர் கட்டங்களாகக் கணிக்கும் வானிலைத் தரவு அதைத் தவறவிடலாம். காலை 11 மணிக்கு வரைந்த படம் மதியம் 1 மணிக்குத் தலைகீழாகியிருக்கும். ஆலையில் பறக்கும் காற்றுத்திசைத் துணியைப் பார்த்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி உள்ளிடுங்கள். முடியாவிட்டால் படத்தை மூடிவிட்டுத் துணியையே பாருங்கள்.

ட்ரோன், வெப்பக் கேமரா?

வெப்பக் கேமரா கண்ணாடிக்குப் பின்னாலும் தண்ணீருக்கு அடியிலும் பார்க்காது. வெள்ளத்தில் நிற்பவரின் தலையும் தோளும் மட்டும் சிறு புள்ளியாகத் தெரியும். மதிய வெயிலில் தகரக் கூரை மனித உடலைவிடச் சூடாகி ஆளை மறைத்துவிடும். விடியலுக்கு முன் பறக்கவிடுவது நல்லது. 'ஆள் இல்லை' என்று இயந்திரம் குறித்த இடத்தைத் தேடி முடித்த இடமாகக் கணக்கில் எழுதக் கூடாது. 'பறந்து பார்த்தது, நேரில் பார்க்கவில்லை' என்றே பதியுங்கள்.

சிறிய ட்ரோன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 43 கி.மீ. காற்று வரைதான் தாங்கும். புயல் கரை கடக்கும் நேரத்தில் அவற்றை நம்பித் திட்டம் போட முடியாது. 2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளி மண்டலத்தை முன்பே பார்க்க வேண்டும். லாஸ்பேட்டை விமான நிலையம் அருகிலிருப்பதால் புதுச்சேரியில் இது முக்கியம்.

பழைய அழைப்புகளை வைத்து வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் தரவில் யார் இல்லை என்பதை முதலில் பாருங்கள். மீனவக் குப்பங்களிலும் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளிலும் கீற்றுக் கூரை பற்றினால் ஊரே கூடிக் குடம் குடமாக ஊற்றி அணைத்துவிடும். 101க்கு அழைப்பே போகாது. பதிவில் அந்த ஊர் தீ பிடிக்காத ஊராகிவிடும். இயந்திரம் அதை நம்பி, ஏற்கெனவே அழைக்கத் தெரிந்த நகர்ப் பகுதிக்கே வண்டியை நெருக்கும். வருவாய்த் துறையின் குடிசைத் தீ நிவாரணப் பதிவுகளையும் அரசு மருத்துவமனைகளின் தீக்காயப் பதிவு எண்ணிக்கையையும், பெயர்கள் நீக்கி, சேர்த்துப் பாருங்கள். படம் மாறிவிடும்.

வழி காட்டும் செயலியிலும் இதேபோல் ஒரு குறை. காருக்கான வழியைத்தான் அது சொல்லும். 4,500 லிட்டர் தண்ணீரோடு 10 டன்னைத் தாண்டும் வண்டிக்குப் பாலத்தின் தாங்குதிறன், தாழ்ந்த மின்கம்பி, சந்தின் அகலம் முக்கியம். திருப்பாதிரிப்புலியூரில் தேரோட்டம் நடக்கும் நாளில் எந்தத் தெரு அடைபடும் என்பது அதற்குத் தெரியாது. ஓட்டுநர் மறுத்தால் ஓட்டுநர் சொல்வதே சரி.

தீ விபத்து அறிக்கையை எழுதச் சொல்லலாமா?

நீங்கள் எழுதிய குறிப்பைச் சரளமான அறிக்கையாக மாற்றலாம். காரணம் என்ற இடத்தை மட்டும் தொடவிடாதீர்கள். வேறு காரணம் தெரியாத தீக்கெல்லாம் 'மின்கசிவு' என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்த இயந்திரம் வெற்றிடத்தைக் கண்டதும் 'மின்கசிவு' என்றே நிரப்பும். கம்பியில் உருகிய செம்பு மணிகள் இருப்பது மட்டும் சான்றாகாது. வேறெங்கோ தொடங்கிய தீ காப்புறையை எரித்தாலும் அதே மணிகள் உருவாகும். அந்த ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் காப்பீடு நிற்கலாம், ஒரு குற்றம் மறையலாம், ஒரு பழுதான சாதனம் தொடர்ந்து விற்பனையாகலாம். தெரியாவிட்டால் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று எழுதுவது நேர்மையான அறிக்கை.

வாகனம் போய்ச் சேர்ந்த நேரம், பயன்படுத்திய குழாய் எண்ணிக்கை, நீரின் அளவு ஆகிய எண்களையும் கையால் சரிபாருங்கள். குறிப்பில் இல்லாத எண்ணையும் நம்பும்படி எழுதித் தருவது இந்தக் கருவிகளின் இயல்பு.

பாதிக்கப்பட்டவர்களின் விவரம், படங்கள்?

2023 ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ அவசரத்திலும் பேரிடரிலும் ஒப்புதல் இல்லாமலே விவரத்தைப் பயன்படுத்த இடம் தருகிறது. அது மீட்பதற்கு மட்டும். அழைப்பின் ஒலிப்பதிவை விற்பனை நிறுவனம் தன் மென்பொருளுக்குப் பயிற்சி தர எடுத்துக்கொள்வதற்கு அது அனுமதி ஆகாது. ஒப்பந்தத்தில் இதைத் தனி வரியாக எழுதுங்கள். தீக்காயம் பட்டவரின் படத்தைச் சொந்த செல்போனிலிருந்து இலவசச் சாட்பாட்டில் ஏற்றுவது எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

புயல் நேரத்தில் வரும் படமும் ஒலியும் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

'அணை உடைந்துவிட்டது' என்று அதிகாரி குரலில் வரும் ஒலிப்பதிவை இப்போது யாரும் சில நிமிடத்தில் உருவாக்கலாம். வாட்ஸ்ஆப்பில் வரும் எந்தக் குரல் உத்தரவுக்கும் வண்டி நகரக் கூடாது. ஏற்கெனவே பதிவிலுள்ள எண்ணுக்குத் திரும்ப அழைத்தோ, வயர்லெஸ்ஸிலோ உறுதிசெய்யுங்கள். உதவி கேட்டு வரும் படத்துக்கு நேரடி இருப்பிடம் கேளுங்கள், வீடியோ அழைப்பில் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: உறுதிசெய்ய முடியவில்லை என்பதற்காக உயிர் ஆபத்து அழைப்பைத் தள்ளிவிடக் கூடாது. சந்தேகத்தின் பலன் அழைத்தவருக்கே.

மின்சாரமும் இணையமும் போனால்?

போகும் என்றே திட்டமிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. இணையம் இல்லாமல் ஓடாத கருவி புயலுக்கான கருவி அல்ல. ஹைட்ரன்ட், பாலம், தாழ்வான பகுதி, ஆலை முன் திட்டம் எல்லாம் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். மாதத்தில் ஒருநாள் 4 மணி நேரம் கருவியை அணைத்துவிட்டு வயர்லெஸ், பதிவேடு, சுவர் வரைபடத்தோடு மட்டும் பணி செய்யுங்கள். அந்தப் பயிற்சி நின்றால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஊரே தெரியாமல் போகும்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

முதலில் நிழலாக ஓட்டுங்கள். கருவி தன் பதிலைப் பதியட்டும், பணியில் இருப்பவருக்கு அது தெரியக் கூடாது. பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். இந்தச் சோதனை கூரைத் தீ மிகுந்த கோடையையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தையும் தாண்ட வேண்டும். பிப்ரவரியில் நடத்திய சோதனை எதையும் நிரூபிக்காது. தீபாவளி இரவு தனிச் சோதனை: அழைப்புகள் குவியும்போது கருவி தாமதிக்கிறதா என்று பாருங்கள்.

தவறவிட்டவற்றை மட்டும் தனியே எடுத்து, ஏன் தவறியது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். ஒரே ஊர், ஒரே வகைக் குரல் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மக்களுக்கு அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்று பொருள். சராசரி நன்றாக இருக்கிறது என்ற விற்பனையாளரின் பதிலை ஏற்காதீர்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதே பழைய சோதனை வாக்கியங்களை மீண்டும் ஓட்டுங்கள். நேற்று சரியாக எழுதிய 'முதுநகர்' இன்றைய பதிப்பில் மாறியிருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டம் அவசர அழைப்புகளை வரிசைப்படுத்தும் மென்பொருளை உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. இங்கே அது கட்டுப்படுத்தாது. ஆனால் அங்கே கேட்கப்படும் பதிவேடு, மனிதக் கண்காணிப்பு, பிழை அறிக்கை ஆகியவற்றை விற்பவரிடம் நீங்களும் கேட்கலாம்.

வீட்டில் தீயோ கசிவோ ஏற்பட்டால் பொதுமக்கள் செல்போனில் சாட்பாட்டைக் கேட்கலாமா?

வேண்டாம். தீக்கும் மீட்புக்கும் 101 அல்லது 112, ஆம்புலன்ஸுக்கு 108, சமையல் எரிவாயுக் கசிவுக்கு 1906, வெள்ளம், புயல் உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. எரிவாயு நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த பிறகே போனை எடுங்கள்.

அழைத்ததும் முதலில் இடம். இணைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்ப அது போதும். ஊர், அதன் பக்கத்துப் பெரிய ஊர், புதுச்சேரியா கடலூர் மாவட்டமா, தெரு, கோவில் அல்லது பள்ளி போன்ற அடையாளம், இந்த வரிசையில் சொல்லுங்கள். தெருப் பெயர் தெரியாவிட்டால் அருகிலுள்ள மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். பிறகு என்ன எரிகிறது, உள்ளே யாராவது இருக்கிறார்களா, சிலிண்டர் இருக்கிறதா, பெரிய வண்டி நுழையச் சந்தில் இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். மறுமுனையில் கேள்வி நிற்கும் வரை போனை வைக்காதீர்கள். ஒருவரைப் பிரதான சாலை முனைக்கு அனுப்பி வண்டிக்காக நிற்கச் சொல்லுங்கள்.